அம்மாவின் பணி ஓய்வு தொடர்பாக

அனுப்புநர்:
டோக்கன் எண் 47,
வட்டாட்சியர் அலுவலக வாசல்,
வேப்பமரத்தடி.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
மனநலப் புறநோயாளிப் பிரிவு (மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மட்டும்),
அரசு மருத்துவமனை.
(ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எழுதினால், இங்கே மட்டும்தான் இப்படி என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதி அடைந்துவிடுவார்கள்.)

பொருள்: பயனாளி திருப்திப் படிவம் – இடம் போதாமையால் தனித்தாளில் பதில் அளித்தல் – சம்பளமின்றிப் பணியாற்றும் ஒருவருக்கு மாற்றாள் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. சென்ற செவ்வாயன்று என் சார்பில் தாங்களே நிரப்பிக் கொடுத்த படிவம்.
2. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 28.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்து வயிறு கழுவுகிறவன் நான். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்கு வேண்டுமானாலும் எழுதுவேன். எனக்காக நானே எழுதுவது அபூர்வம். கையெழுத்து அங்கங்கே ஆடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். அதற்கான காரணம் மூன்றாம் கேள்விக்கான பதிலில் வருகிறது.

சென்ற செவ்வாயன்று தங்கள் ஊழியர் ஒரு படிவத்தை நீட்டினார். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றின் எதிரிலும் அழுமூஞ்சி முதல் சிரிப்புமூஞ்சி வரை ஐந்து முகங்கள். ஐந்து கேள்விக்கும் சிரிப்புமூஞ்சியில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. "உங்களுக்கு எதுக்கு சிரமம், கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். இத்தனை கரிசனத்தோடு என் திருப்தியை யாரும் கவனித்துக்கொண்டதில்லை. ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. சேவையில் குறை இருந்தால் பொறுப்பு அலுவலரிடம் புகார் சொல்லலாம், பதில் போதாவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கே போகலாம் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முறைப்படி, கேள்வி வாரியாகப் பதில் தருகிறேன்.

கேள்வி 1: காத்திருக்கும் நேரம் திருப்தியாக இருந்ததா?

நேரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஓ.பி. சீட்டு தரும் ஜன்னலில் "மென்டலா, டென்டலா?" என்று கேட்கும் குரல்தான் கொஞ்சம் பெரிசு, அது பேருந்து நிறுத்தம் வரை போகிறது. ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பல்வலிக்காரர் பதறிப்போய் "டென்டல், டென்டல்" என்று இரண்டு தடவை சொன்னார். கன்னம் வீங்கிய நிலையிலும் அந்த ஒன்றில் அவருக்குத் தெளிவு இருந்தது. எனக்குப் பின்னால் நின்றவரோ, பட்டா மாறுதலுக்கு என்னிடம் மனு கொடுத்து வைத்திருந்தவர். நானும் "டென்டல்" என்றே சொல்லிவிட்டேன். பல் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "எச்சில் இப்படி ஊறுதே, என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்டார். என் மாத்திரையின் பக்கவிளைவு பற்றி இந்த வளாகத்தில் ஒருவர் விசாரித்தது அன்றைக்குத்தான். ஆகவே பல் பிரிவுக்கு என் சிரிப்புமூஞ்சி.

மாதத்தில் ஒரு நாள்தான் மனநல ஓ.பி. என்பதை என் நோய்க்கும் முறைப்படி தெரிவித்துவிட்டேன். வருவதாக இருந்தால் திங்கள் இரவு வரவேண்டும், செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்குள் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், மற்ற நாள்களில் அனுமதி இல்லை. அது இன்னும் பதில் அனுப்பவில்லை.

2023-ஆம் ஆண்டு அக்டோபர் 10, உலக மனநல நாள், இரண்டாம் செவ்வாயாகவே வாய்த்தது. இப்படிப் பொருந்தி வருவது அபூர்வம். எனவே அன்று ஓ.பி. கிடையாது, டாக்டர் விழாவுக்குப் போய்விட்டார். பேரணிக்கு ஆள் போதவில்லை என்று, வரிசையில் நின்ற எங்கள் கையிலேயே அட்டையைக் கொடுத்து நடக்கவிட்டீர்கள். மனநலம் உலகளாவிய மனித உரிமை என்பது அந்த ஆண்டுக்கான முழக்கம். அந்த உரிமையைத் தூக்கிப் பிடித்தபடி கடைவீதி வரை போய், மாத்திரை இல்லாமல் வீடு திரும்பினோம்.

கேள்வி 2: மருத்துவர் கனிவாகப் பேசினாரா?

கனிவாகத்தான் பேசினார். ஆனால் என்னிடம் இல்லை.

தங்கள் அறைக்குள் நுழைந்ததும் எழும் முதல் கேள்வி, "கூட யார் வந்திருக்கா?" என்பது. ஒருமுறை அம்மாவுக்கு மூட்டுவலி, தனியாக வந்தேன். ஆள் கூட்டி வரச்சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரரைக் கெஞ்சி உள்ளே அழைத்து வந்தேன். டாக்டர் முகம் மலர்ந்து அவரிடம் கேட்டார்: "தூங்கறாரா? சாப்பிடறாரா? மாத்திரை ஒழுங்கா போடறாரா? தனியாப் பேசறாரா?" ஆட்டோக்காரர் மனசாட்சி உள்ளவர். "தூக்கம் தெரியாது சார். தனியாப் பேசின மாதிரி இல்ல, வர்ற வழியெல்லாம் எங்கிட்டதான் பேசிட்டு வந்தாரு. பேரம்தான் ரொம்பப் பேசறாரு" என்றார். டாக்டர் தலையசைத்து என் நோட்டில் எழுதினார்: தகவல் அளித்தவர் நம்பகமானவர், முன்னேற்றம் உண்டு, அதே மருந்தைத் தொடரவும். ஆட்டோக்காரர் அன்று வெயிட்டிங் சார்ஜ் சேர்த்து வாங்கிக்கொண்டார். நம்பகமானவர் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த பிறகு நான் எப்படிப் பேரம் பேசுவது?

எனக்கு 46 வயது. வாரிசுச் சான்று மனுவில் ஒரு பெயர் விடுபட்டாலும் தாசில்தார் கண்ணில் படும் முன் என் கண்ணில் பட்டுவிடும். ஆனால் நான் நேற்று தூங்கினேனா என்பதற்கு மட்டும் என் சாட்சியம் செல்லாது.

டாக்டரைக் குறை சொல்லவில்லை. ஒரு முற்பகலுக்குள் அந்த வரிசையை முடித்துவிட்டு, அடுத்த நாள் அடுத்த ஊருக்கு ஓட வேண்டியவர் அவர். எனக்கு நோய் வந்த புதிதில் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு மண்டலம், 48 நாள், தங்கச் சொன்னார்கள். பெருமாள் குணப்படுத்தினாரா என்பது வேறு விஷயம், "எந்த ஊரு, என்ன வேலை பாத்தே, சாப்பிட்டியா?" என்று தினமும் யாராவது கேட்டார்கள். அங்கே 48 நாள் இருந்தது, மருந்து இல்லை. இங்கே மருந்து இருக்கிறது, ஒரு நிமிடம் இல்லை.

கேள்வி 3: நோய் குறித்தும் மருந்து குறித்தும் விளக்கினார்களா? மருந்துகள் முழுமையாகக் கிடைத்தனவா?

என் நோட்டின் முதல் பக்கத்தில் எஃப் 20 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. நெடுநாள் அதை அலமாரி எண் என்றே நினைத்திருந்தேன். நர்சிங் படிக்கும் அக்கா மகள்தான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது, "மாமா, இது மனச்சிதைவு நோய்க்கு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற குறியீடு" என்றாள். எனக்கு வந்த நோயின் பெயர் ஜெனீவாவுக்குத் தெரிந்திருக்கிறது, தங்களுக்குத் தெரிந்திருக்கிறது, விடுமுறைக்கு வந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நோயின் தன்மை, தரப்படும் சிகிச்சை, அதன் பக்கவிளைவு மூன்றையும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. நோயாளிக்குப் புரியும் விதத்தில் என்றும் சேர்த்தே சொல்கிறது. எஃப் 20 என்பது எனக்குப் புரியவில்லை.

மாத்திரையின் அளவைக் கூட்டிய சில நாளில் எனக்கு உட்கார முடியாமல் போனது. மனசு அமைதியாகவே இருந்தது. கால் மட்டும் நில்லாமல் நடக்கச் சொன்னது. தங்கள் வராந்தாவில், "அமைதியாக அமரவும்" என்ற பலகைக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தேன். பார்த்த ஊழியர் உள்ளே போய், "இன்னும் பதற்றமாத்தான் இருக்காரு" என்றார். பதற்றத்துக்காக மாத்திரையின் அளவு மேலும் கூடியது. நான் மேலும் நடந்தேன். இந்த மருந்துகள் சிலருக்கு இப்படி ஓர் இருப்புக்கொள்ளாமையைத் தரும் என்பதும், பதற்றம் என்று அதைத் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதும் மனநலப் பாடநூல்களில் உள்ளவைதாம். பாடநூலைத் தாங்கள் படித்திருப்பீர்கள். நானும் வாயைத் திறந்து சொல்லியிருப்பேன், யாராவது என்னைக் கேட்டிருந்தால்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். நோய்க்கான மாத்திரை கையை நடுங்க வைக்கிறது. நடுக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை உண்டு. முதலாவது தவறாமல் கிடைக்கிறது. இரண்டாவது அடிக்கடி "ஸ்டாக் இல்ல, வெளியே வாங்கிக்கங்க". அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. 'எந்நேரமும்' என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர் விளையாட்டாகப் போட்டிருப்பார் போலிருக்கிறது. எனக்கோ கைதான் பிழைப்பு. கை ஆடினால் 'ஒரு ஏக்கர்' என்பது 'ஓர் எக்கர்' ஆகிவிடும், மனு திரும்பிவிடும். காதில் கேட்கும் குரல்கள் அடங்கினால் போதும், வரும்படி அடங்கினால் பரவாயில்லை என்பது தங்கள் கணக்கு என்றால், அதையாவது நோட்டில் எழுதிக் கொடுங்கள், கடன்காரர்களிடம் காட்டிக்கொள்கிறேன்.

"அப்படியானால் உதவித்தொகைக்கு முயலலாமே" என்று ஒரு நல்லவர் யோசனை சொன்னார். மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் பயன்கள் கிடைக்க 40 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி; இங்கே 40 வேண்டும். மனுவை நானே எழுதி, இணைப்புகளை வரிசைப்படுத்தி, புகைப்படம் ஒட்டிக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்த அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவ்வளவு தெளிவா எழுதறீங்களே, உங்களுக்கு என்னங்க குறை?" என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அதுவே பெரியது. சான்றிதழ் கிடைக்கவில்லை.

கேள்வி 4: வளாகம் சுத்தமாக இருந்ததா?

இருந்தது. குறிப்பாகக் கருத்துப் பெட்டியின் உட்புறம்.

கேள்வி 5: இச்சேவையை உங்கள் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பரிந்துரைப்பீர்களா?

பரிந்துரைக்கத் தகுந்த உறவினர்கள் எனக்கு நிறையவே உண்டு. பெரியப்பா வழியில் ஒருவர், பாகப்பிரிவினையின்போது என் பங்குக்கு நேராக 'புத்தி சுவாதீனம் இல்லாதவர்' என்று எழுதி, தானே காப்பாளராகக் கையெழுத்துப் போட வந்தவர். அவருக்கு நானே டோக்கன் வாங்கித் தரத் தயார்.

ஆனால் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், பரிந்துரைப்பேன் என்பதுதான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள், தென்கோடிக் கிராமத்தில் ஒருவருக்கு மனநோய் வந்தால் ஒன்று அந்த மதிலுக்குள், இல்லாவிட்டால் ஏதாவது கோயில், தர்கா வாசலில் என்றுதான் பெரும்பாலும் நிலைமை. மருத்துவரே மாவட்டத்துக்குள் வரட்டும் என்று 1980-களில் பெல்லாரியில் செய்து பார்த்தார்கள். 1996-இல் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அப்படியிருந்தும், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். இன்று யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 95-ஆம் பிரிவு தடுக்கிறது. 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை எட்டாதவர்களின் பங்கு நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரை. நான் சிகிச்சை எட்டியவர்களில் ஒருவன். ஒரு காலத்தில் என்னை வீட்டைவிட்டுத் துரத்திய குரல்கள், இப்போது பக்கத்து வீட்டு டிவி அளவுக்குத்தான் கேட்கின்றன. அது தங்கள் மாத்திரையால்தான். அதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

படிவத்தில் விடுபட்ட கேள்வி

தங்கள் அறைச் சுவரில் பணியிடப் பலகை ஒன்று தொங்குகிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், செவிலியர், பதிவேட்டுப் பராமரிப்பாளர் என்று எழுதி, எதிரில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறது. அந்த இடங்களில் எத்தனை காலி என்று எண்ணிக் கொண்டிருக்கப் போவதில்லை. பலகையிலேயே இல்லாத ஒரு பணியிடத்தைப் பற்றி மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பதவி: அம்மா.
வயது: 74.
பணி நேரம்: 24 மணி.
பணிகள்: காலையும் இரவும் மாத்திரை தருதல். விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தல். நான் முரண்டு பிடித்த காலத்தில் பொடி செய்து ரசத்தில் கலந்தது. நடுச்சாமத்தில் நான் எழுந்தால் தானும் எழுதல். கல்யாணங்களுக்குப் போகாமல் இருத்தல். அக்கம்பக்கத்தில், "அவனுக்குச் சும்மா தலைவலி" என்று சொல்லுதல். மாதந்தோறும் இரண்டாம் செவ்வாயன்று தங்கள் முன் நின்று, "தூங்கறான் சார்" என்று அறிக்கை சமர்ப்பித்தல்.
ஊதியம்: இல்லை. விடுப்பு: இல்லை. பயிற்சி: இல்லை.
மாற்றாள்: இல்லை.

கீழ்ப்பாக்கம் மதிலுக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு பலர் முறைவைத்துச் செய்த வேலை இது. நோயாளியை ஊரோடு வாழவிடுவது நல்ல கொள்கை. 19-ஆம் பிரிவும் அதைத்தான் உரிமை என்கிறது. ஆனால் நோயாளியை அனுப்பியபோது கூடவே வேலையையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள், ஆளை அனுப்பவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி சும்மா இருக்கிறாள் என்று யாரோ தங்களிடம் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள்.

18-ஆம் பிரிவு இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. இடைத்தங்கல் இல்லம், துணையுடன் வாழும் இல்லம், வீட்டுக்கே வந்து தரும் மறுவாழ்வுச் சேவை எல்லாம் அரசு செய்து தரவேண்டியவை என்று பட்டியலே போட்டிருக்கிறது. நம் வட்டத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டபோது, தங்கள் ஊழியர் வானத்தைப் பார்த்தார். அம்மாவோ சாமி படத்துக்கு முன்னால் ஒரே வேண்டுதலைத்தான் வைக்கிறாள்: தனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று. பெற்ற தாய் கேட்கிற வரமா இது என்று தாங்கள் திகைக்கலாம். ஓ.பி. வரிசையில் நிற்கும் எந்தத் தாயை வேண்டுமானாலும் தனியே அழைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே, ஐயா / அம்மா அவர்கள் கருணை கூர்ந்து:

1. என்னைப் பற்றிய கேள்விகளை முதலில் என்னிடம் கேட்கவும், பிறகு கூட வந்தவரிடம் கேட்கவும்;
2. நோயின் பெயரையும் மாத்திரையின் பக்கவிளைவுகளையும் நோட்டில் தமிழில் எழுதித் தரவும்;
3. நடுங்க வைக்கும் மாத்திரை இருக்கும் நாளெல்லாம் நடுக்கத்தை நிறுத்தும் மாத்திரையும் இருக்கும்படி பார்க்கவும்;
4. உலக மனநல நாளன்று மனநல ஓ.பி. நடத்தவும்;
5. எனக்கு மறுபடி நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக்கூடாது என்று 5-ஆம் பிரிவின்படி நான் எழுதிவைத்துள்ள முன் அறிவுறுத்தலைப் பெற்றுக்கொள்ளவும்;
6. மேற்படி அம்மா பணியிலிருந்து விடுபடும் நாளுக்கு முன்பாக, நான் எங்கே, யார் துணையோடு வாழ்வேன் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும், அதுவரை மாதம் ஒருமுறையாவது செவிலியர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அந்த ஒரு பகல் அவள் தூங்க ஆவன செய்யவும்

பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் வராவிட்டால், வரும் இரண்டாம் செவ்வாயன்று என் கடையை வேப்பமரத்தடியிலிருந்து தங்கள் வராந்தாவுக்கு மாற்றிக்கொள்வேன். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவருக்கும் 28-ஆம் பிரிவின் கீழ் ஒரு மனு எழுதித் தருவதாக உத்தேசம். கூலி வாங்கமாட்டேன். கை நடுங்கினால் அவர்கள் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டோக்கன் எண் 47

நகல்: மனநல மறுஆய்வு வாரியம் (அதன் முகவரி தங்கள் சுவரில் ஒட்டப்பட்ட மறுநாள் அனுப்பப்படும்).

தகவல் அளித்தவர்: நானே.
நம்பகத்தன்மை: ஆட்டோக்காரரைக் கேட்டுக்கொள்ளவும்.